எல்கடுவ பஸ்ஸை நிறுத்திய காரணம்

புதிதாக டைம் கீப்பர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் மூன்று பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, பழைய அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டீர்கள். வந்தவர்கள் மூவர். போகும்போது படலையைச் சாத்திவிட்டுப் போனவர் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து ரோஜாச் செடியைத் தின்றுவிட்டது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

பஸ் எப்போது புறப்பட வேண்டும், பிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் டிப்போவில் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது தூக்கத்தைப் பற்றி. என் வேலைக்காலம் முழுவதும் பஸ்ஸின் எல்லா உறுப்புகளையும் சோதித்தார்கள். டயரைப் பார்த்தார்கள். பிரேக்கைப் பார்த்தார்கள். சில்லுக்கு எத்தனை நட்டு இருக்கிறது என்று நானே ஒவ்வொரு காலையும் குனிந்து எண்ணினேன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிற மனிதர் எப்படித் தூங்கி எழுந்து வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கே தூக்கத்தில் ஒரு தொந்தரவு இல்லாதிருந்தால் நானும் அதை நினைத்திருக்க மாட்டேன்.

ஒரு காலை, ஆட்கள் ஏறி நிறைந்து, மலைமேலுள்ள எல்கடுவ என்ற ஊருக்குப் புறப்பட இருந்த பஸ்ஸை நான் போக விடவில்லை. ஹோர்ன் பழுது என்று காரணம் சொன்னேன். அது பொய்யல்ல, ஆனால் காரணத்தில் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லியிருந்தால் ஒரு டிரைவரின் லைசன்ஸ் போயிருக்கும். இப்போது அவர் இல்லை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொள்வதற்கு முந்திய காலம். நான் மாத்தளையில் ஒரு தனியார் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தேன். தகரக் கொட்டகை ஒன்றுதான் எங்கள் அலுவலகம். விடியற்காலை முதல் பத்து மணி வரை ஒரு முறை வேலை, பிற்பகலில் மறுபடி வேலை. இடையில் இருக்கும் வெயில் நேரத்தில் அறைக்குப் போய்ப் படுப்பேன். அறை, ஒரு சரக்கு வியாபாரியின் கடைக்கு மேலே இருந்தது. கீழே மிளகும் கராம்பும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள். அந்த வாசனை படுக்கை விரிப்பு வரைக்கும் ஏறியிருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார யாரும் வராததால் அதில் என் உடுப்புகள் கிடக்கும்.

அந்தப் பகல் தூக்கத்தில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. கண் விழித்துவிடும். அறை அப்படியே தெரியும், மேசை, நாற்காலி, ஜன்னல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஆனால் கை அசையாது, கால் அசையாது. மரப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்கும். பிறகு கட்டிலின் ஓரம் ஒரு ஆள் உட்கார்ந்ததுபோல அமுங்கும். அதன் பிறகு நெஞ்சில் பாரம். கத்துவேன். வாயிலிருந்து ஒன்றும் வராது. திடீரென்று எல்லாம் விட்டுவிடும். நான் எழுந்து உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

நான் சாப்பிடும் சாப்பாட்டுக்கடைக்காரரிடம் ஒரு முறை இதை மெல்லச் சொன்னேன்.

"அது அமுக்குப் பேய்ங்க ஐயா," என்றார் அவர், ரசத்தை ஊற்றியபடி. "தனியா படுக்கிற ஆளத்தான் தேடி வரும். வீட்டுல ஒரு பொம்பள இருந்தா அது வாசப்படிய மிதிக்குமா? நீங்க பாருங்க, எனக்கு வந்ததே இல்ல. எங்க வீட்டுல இருக்கிற சத்தத்துக்கு அது எங்க வரும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கட்டில் தலைமாட்டில் செபமாலையைத் தொங்கவிட்டேன். பயம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் படியேறி வருவது நிற்கவில்லை. இருதயக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அந்த அறையிலேயே விறைத்துப் போவேன், வேலைக்கு வராததை வைத்துத்தான் என்னைத் தேடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் எல்கடுவ நானா என்னோடு பேச ஆரம்பித்தார். எல்கடுவ ரோட்டில் பல காலம் பஸ் ஓட்டியதால் அவருக்கு அந்தப் பெயர். மாத்தளை டவுனில் பரம்பரையாக இருந்த முஸ்லிம் குடும்பம். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும், முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல எல்லோரும் நானா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஒரு பிற்பகல், பஸ்கள் வராத இடைவெளியில், கொட்டகையில் உட்காரப் போட்டிருந்த மர வாங்கில் சாய்ந்தபடி கண் அயர்ந்துவிட்டேன். அங்கேயும் அது வந்தது. கண் திறந்திருக்கிறது, கொட்டகைத் தகரம் தெரிகிறது, நானாவின் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த பீட்டர் குனிந்து என்னைப் பார்ப்பதும் தெரிகிறது. பேச முடியவில்லை.

"ஐயாவுக்கு வாதம் அடிச்சிருச்சு போல," என்றான் பீட்டர். "கண்ணு தொறந்தே நிக்குது. தண்ணி கொண்டாங்கப்பா, மூஞ்சில ஊத்துவோம்."

"ஊத்தாதே," என்று ஒரு குரல் கேட்டது. நானா வந்து என் கையை எடுத்து, சுண்டு விரலை மட்டும் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டினார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாம் முறை விரல் தானாக மடங்கியது. உடனே உடம்பு முழுவதும் எனக்குத் திரும்பி வந்தது.

பீட்டரைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டு நானா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அமுக்கிச்சா ஐயா?"

நான் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"மெய்ய செல்லுங்க. வந்து உக்காந்தது ஆம்புளயா, பொம்புளயா?"

"மொகம் தெரியல."

"எனக்கு வாறது ஒரு கெழவன். மொகம் காட்ட மாட்டான். ஆனா இருமுவான். செரியான இருமல். நெஞ்சுல ஏறி உக்காந்துகிட்டு இருமுறான் ஐயா, எனக்கு பயம் வாறதில்ல, கவலதான் வருது, இவனுக்கு ஒரு கஷாயம் வச்சு குடுக்கணுமேன்னு."

என் வாழ்நாளில் அந்தத் தொந்தரவை நினைத்து நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

அவர் எனக்கு ஒரு வழி சொன்னார். முழு உடம்பையும் ஒன்றாக எழுப்பப் பார்த்தால் அது விடாது. சுண்டு விரலை மட்டும், அல்லது கால் சுண்டு விரலை மட்டும் அசைக்கப் பார்க்க வேண்டும். மூச்சை அவசரப்படுத்தக் கூடாது. "ஓதிட்டுத்தான் படுக்கிறேன். அதால பயம் இல்ல. ஆனா வாறது வருது. வந்துட்டுப் போகட்டும்."

அதன் பிறகு, அவர் பஸ் மாத்தளைக்கு வந்து திரும்பப் புறப்படும் வரைக்கும் உள்ள இடைவெளியில் தினமும் பேசுவோம். தூக்கத்தைப் பற்றித்தான் பேசுவோம். வேறு யாராவது கொட்டகைக்குள் வந்தால் அவர் பேச்சை டயர் விலைக்கு மாற்றிவிடுவார். "டிரைவருக்கு பேய் புடிச்சிருக்குன்னு ஒரு சொல்லு மானேஜர் காதுல விழுந்தா போதும் ஐயா, லைசன்ஸ கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவான். நாலு புள்ளைங்க." அதனால்தான் அவரும் என்னைப்போலவே யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ஒரு நாள் அவர் வேறொன்று சொன்னார். கனவுக்குள்ளேயே, இது கனவு என்று தனக்குத் தெரிந்துவிடுகிறது என்றார்.

"எப்படித் தெரியும்?"

"கனவுலயும் நான் எல்கடுவ ரோட்டுலதான் ஓட்டுறேன். என்ன மனுசனோ, தூங்கியும் வேலதான். வளைவுல ஹோர்ன் அடிப்பேன். ஹோர்னோட ரப்பர் பந்து கையில அமுங்கும், ஆனா சத்தம் வராது. ஓ, அப்ப இது கனவுன்னு வெளங்கிரும்."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்கு ரோட்டுல போகணும்? வளைவுல திருப்ப மாட்டேன். நேரா விட்டுருவேன். பஸ் பள்ளத்துக்கு மேலால போகும் ஐயா, பஞ்சு மாதிரி. கீழ தேயில. கொழுந்து எடுக்கிற ஆக்கள் நிமிந்து பாப்பாங்க."

"பஸ்ஸில இருக்கிறவங்க?"

"ஒருத்தரும் கத்த மாட்டாங்க. பீட்டர் பாட்டுக்கு டிக்கட் போட்டுகிட்டு வருவான். மிச்சக் காசு மட்டும் குடுக்க மாட்டான். அதுல கனவுக்கும் நெனவுக்கும் வித்தியாசம் இல்ல."

அவர் அதைச் சொன்னபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கவனித்தேன். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அந்த வளைவுகளில் பிரேக்கும் கியருமாகப் போராடுகிற மனிதருக்கு, ஒரு முறையாவது திருப்பாமல் விட்டுவிடுவது எவ்வளவு ஆறுதல் என்று யோசித்தேன்.

நானும் முயன்று பார்த்தேன். எனக்கு எண்ணுவதுதான் பழக்கம். கனவென்று சந்தேகம் வந்தால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன், திரும்ப எண்ணுவேன். கனவானால் இரண்டு கணக்கும் ஒத்துவராது. நானாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "தூக்கத்துலயும் கணக்கா? படச்சவன் ஒங்களுக்கு ஒரு லீவு குடுக்க மாட்டானா?"

"உங்க முறை எனக்குப் பிடிக்கல நானா. ஒரு ஹோர்ன மட்டும் நம்பி எப்படி முடிவு எடுக்கிறது?"

"அது இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல ஐயா."

அந்த ஆண்டு மாசியில் முத்துமாரியம்மன் கோவில் தேருக்கு வழமையைவிடக் கூட்டம். தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள். விசேட பஸ்கள் விட்டோம். இரண்டு டிரைவர்கள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நானா அவர்களுடைய ஓட்டத்தையும் சேர்த்து ஓடினார். இரண்டு நாட்களாக வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிற்கும் நேரத்தில் சீட்டில் சாய்ந்து பத்து நிமிடம் கண்ணை மூடுவார், யாராவது வந்து எழுப்புவார்கள்.

தேர் முடிந்த மறுநாள் காலை எல்கடுவ பஸ் ஸ்டாண்டில் நின்றது. தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். பொரி மூட்டை, வளையல் பெட்டி, புது அலுமினியச் சட்டி, ஊதுகுழலோடு குழந்தைகள். நான் வாசலில் நின்று எண்ணினேன். ஐம்பத்து மூன்று பேர். மடியில் இருக்கும் குழந்தைகளை நான் எப்போதும் தனியாக எண்ணுவேன், எட்டு. அவ்வளவு பேரை ஏற்றக் கூடாதுதான். ஆனால் அன்றைக்கு யார் சொல்லி யார் கேட்பார்கள்.

நானா ஏறி உட்கார்ந்து எஞ்சினை இயக்கினார். புறப்படுமுன் இரண்டு முறை ஹோர்ன் அடிப்பது எங்கள் ஸ்டாண்டின் வழக்கம். தேத்தண்ணிக் கடையில் நிற்பவர்கள் அதைக் கேட்டுத்தான் ஓடி வருவார்கள். நானா ரப்பர் பந்தைப் பிடித்து அமுக்கினார். சத்தம் வரவில்லை. ரப்பர் வெடித்திருந்தது, என் இடத்திலிருந்தே பிளவு தெரிந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி.

ஹோர்ன் பழுதானால் டிரைவர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். ஃபிட்டரைத் திட்டுவார், ஃபிட்டரின் குடும்பத்தைத் திட்டுவார், கடைசியில் டைம் கீப்பரைத் திட்டுவார். நானா திட்டவில்லை. அவர் முகத்திலிருந்து இரண்டு நாள் களைப்பு அப்படியே வழிந்து போனது. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் கொட்டகையில் பார்த்திருந்தேன், பஸ் பள்ளத்துக்கு மேலால் போவதைச் சொன்ன நாளில்.

எல்கடுவ ரோட்டில் முதல் வளைவுக்கு அதிக தூரம் இல்லை. ஓடாமல், ஆனால் வேகமாக நடந்து டிரைவர் ஜன்னலுக்குப் போனேன்.

"நானா, ஹோர்ன் பழுது."

"தெரியும் ஐயா."

"ஃபிட்டரக் கூப்பிடுறேன்."

"எதுக்கு? நல்லாத்தானே ஈக்கு."

"சத்தம் வரலியே நானா."

"அதத்தான் நல்லா ஈக்குன்னு செல்றேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "நானா, நீங்க முழிச்சிருக்கீங்க. இது கனவில்ல."

அவர் என்னை அன்போடு பார்த்தார். சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல. "போன தடவையும் நீங்க இதே ஜன்னல்ல வந்து நின்னு இதத்தான் சொன்னீங்க ஐயா. அப்புறம் நாங்க பறந்தப்போ நீங்களும் கை காட்டினீங்க."

பின்னால் பீட்டர் தட்டினான். "ஐயா, ரைட் குடுக்கவா? உள்ளுக்கு மூச்சு முட்டுது."

"நில்லு," என்றேன்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் சொல்லும் எதையும் அவர் கனவுக்குள் வைத்துக்கொள்வார். கிள்ளினால் கனவில் கிள்ளியதாக எடுத்துக்கொள்வார். பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கலாம். ஆனால் கனவில் நிற்கும் டைம் கீப்பருக்காக யார் பிரேக் போடுவார்? எல்லோரும் இறங்குங்கள் என்று கத்தலாம். காரணம் கேட்பார்கள். டிரைவர் தூங்கிக்கொண்டு ஓட்டப் போகிறார் என்று சொன்ன அடுத்த நிமிடம் அது மாத்தளை முழுவதும் பரவிவிடும், நானாவின் பிழைப்பு அதோடு முடிந்தது. அதற்கிடையில் அவர் கியரைப் போட்டுவிட்டால் இரண்டு கணக்கிலும் தோற்றுவிடுவேன். அவர் கை கியர்த் தண்டின் மேலேதான் இருந்தது. அலுவலக வாசலில் மானேஜர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விழித்திருக்கிறார் என்று நிரூபிக்க என்னால் முடியாது. அப்படியானால் நிரூபிக்க வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

"அப்ப கனவுதான் போல நானா," என்றேன்.

"பாத்தீங்களா."

"கனவுன்னா எல்கடுவைக்கு எதுக்கு அவசரமா போகணும்? கனவுல டைம் டேபிள் இல்லையே. டைம் கீப்பர் நானே சொல்றேன். எறங்கி வாங்க, ஒரு தேத்தண்ணி குடிப்போம்."

அவர் யோசித்தார். "பறக்கணுமே ஐயா."

"பஸ் எங்க ஓடிடும்? குடிச்சிட்டு வந்து பறங்க. நானும் ஏறிக்கிறேன்."

"கனவுத் தேத்தண்ணில ருசி ஈக்காது."

"குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படித் தெரியும்? வாங்க, பாத்துருவோம்."

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு, பெரிய தத்துவக் கேள்வி ஒன்றுக்கு விடை தேடப் போகிறவரைப்போலத் தலையை ஆட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தினார். நான் கதவைத் திறந்தேன். அவர் இறங்கியதும் சாவியை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை.

"ஐயோ சாமி, இப்பதான் ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி கேக்குது," என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் சொன்னாள். "ஏங்க டைம் கீப்பரய்யா, எங்கள எண்ணி முடியலியா? இன்னொருக்கா எண்ணுறீங்களா?"

பஸ் முழுவதும் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

கடையில் இஞ்சி போட்ட பிளேன் டீ கொடுத்தார்கள். நானா ஒரு வாய் குடித்தார். நாக்குச் சுட்டிருக்க வேண்டும், கப்பைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து, மெதுவாக ஊதி, இன்னொரு வாய் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகு பஸ்ஸைப் பார்த்தார். ஜன்னல் வழியாக ஒரு குழந்தை ஊதுகுழலை ஊதிக்கொண்டிருந்தது.

"இஞ்சி போட்டிருக்கான்," என்றார்.

"ஆமா நானா."

அவர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸுல எத்தன பேரு ஐயா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நானா கேட்டபோது எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"அம்பத்து மூணு. மடியில எட்டு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரை நடத்திக்கொண்டு போய்க் கொட்டகை வாங்கில் படுக்க வைத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டார்.

மானேஜர் வந்தார். "என்ன கூத்து இது? யாரக் கேட்டு வண்டிய நிப்பாட்டின?"

"ஹோர்ன் இல்ல சேர். ரப்பர் வெடிச்சிருச்சு."

"அதுக்கா? பீட்டர மிதிபலகைல நின்னு விசில் ஊதச் சொல்லு."

"மலை ரோட்டுல ஹோர்ன் இல்லாம வண்டி போகக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க."

"நான் ஆயிரம் ஒட்டுவேன். நீ முந்தி எல்லாத்தையும் பாத்துத்தான் விட்டியா?"

"இன்னைக்குப் பாத்துட்டேன் சேர்."

ஃபிட்டர் வேறொரு பஸ்ஸிலிருந்து ஹோர்னைக் கழற்றிக் கொண்டு வந்தான். மானேஜர் நானாவை எழுப்பச் சொன்னார். நான் வாங்குக்கு முன்னால் நின்றேன். நான் சண்டைக்காரன் அல்ல. அதிகாரிக்கு முன்னால் என் குரல் எப்போதும் தடுமாறும். அன்றும் தடுமாறியது.

"அவர் ரெண்டு நாளா ஓடுறார். அவர எழுப்ப மாட்டேன். வேற டிரைவர் வந்தா வண்டிய விடுறேன்."

"வேற டிரைவர் எங்க இருக்கான்?"

"வரும் வரைக்கும் வண்டி நிக்கட்டும்."

இரத்தோட்டையிலிருந்து வந்த டிரைவர் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அந்த பஸ்ஸை எடுத்துப் போகும்வரை, சனம் என்னைத் திட்டித் தீர்த்தது. சிலர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். மானேஜர் என்னைப் பற்றி முதலாளியிடம் முறையிட்டார், எனக்கு அந்த ஆண்டுச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. அன்று போன பஸ் எல்கடுவைக்குச் சேர்ந்தது. ஐம்பத்து மூன்று பேரில் ஒருவருக்கும் இன்றுவரை எதுவும் தெரியாது.

சில காலம் கழித்து, பஸ்ஸுக்குக் காத்திருந்த அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரிடம், யாருக்கோ நடந்ததுபோல இந்தத் தொந்தரவுகளைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கனவு காணும் நேரத்தில் உடம்பு பூட்டப்படுகிறது, இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடுவான் என்றார். சில வேளை மனம் முந்தி விழித்துவிடுகிறது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. அப்போது மிச்சக் கனவு, விழித்த கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறது. படியேறும் சத்தமும் நெஞ்சுப் பாரமும் அதுதான். அது பேயுமல்ல, இருதய நோயுமல்ல. கனவிலேயே கனவென்று அறிவதும் பைத்தியமல்ல, பலருக்கு நடக்கிறது. ஆனால் தூக்கம் கெட்டவனுக்கு, நேரம் மாறித் தூங்குகிறவனுக்கு இதெல்லாம் கூடும். நாள் கணக்கில் தூங்காதவனுக்குக் கனவு விழிப்புக்குள்ளேயே கசியும் என்றார். அவருடைய பஸ் வந்துவிட்டது. அவரை நிறுத்தி இன்னும் கேட்க நினைத்தேன், முடியவில்லை. நான்தானே அந்த பஸ்ஸை நேரத்துக்கு விட வேண்டும்.

இதை நானாவிடம் சொல்ல ஓடினேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அதற்குள் நானா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

கோபம் இல்லை. அந்தக் காலையின் மறுவாரமே மலை ரோட்டு வேண்டாம் என்று தானாகக் கேட்டு, டவுனைச் சுற்றி ஓடும் சிறிய ஓட்டத்துக்கு மாறிக்கொண்டார். சம்பளம் குறைந்தது. என்னைக் கண்டால் சலாம் சொல்வார், சுகம் கேட்பார். கொட்டகைக்குள் வர மாட்டார். ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் நாலைந்து டிரைவர்களோடு அவர் இருந்தபோது நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சு எப்படியோ கனவுக்குப் போனது. ஒருவர், தனக்கு லொத்தர் சீட்டில் பரிசு விழுந்ததாகக் கனவு கண்டதைச் சொன்னார். எனக்கு ஆசை வந்துவிட்டது.

"உங்களுக்கு இப்ப கனவு வாறதில்லையா நானா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கப்பைக் கீழே வைத்தார்.

"கனவா? எனக்கு அப்பிடி ஒண்டும் வாறதில்ல ஐயா. படுத்தா மரக்கட்டை."

எழுந்து போய்விட்டார். அவர் லைசன்ஸையும் நாலு பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்கிறார் என்று விளங்கியது. அவருடைய ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, என் முகத்தைப் பார்த்தாலே அவருக்கு ஐம்பத்து மூன்றும் எட்டும் நினைவுக்கு வரும். அந்தக் கணக்கைச் சொன்னது நான்.

பிறகு பஸ்கள் அரசாங்கத்துக்குப் போயின. நான் வேறு டிப்போவுக்கு மாற்றப்பட்டேன். அவர் மகள் வீட்டோடு அக்குறணைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அவர் இறந்த செய்தி எனக்கு வரும்போது அடக்கம் முடிந்துவிட்டது. ஸ்டாண்டில் ஒருவர், வேறு பேச்சுக்கு நடுவில் சொன்னார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை இவை. எது உண்மை என்று நிரூபிக்க நேரமில்லாத இடத்தில், எதிரே இருப்பவரோடு வாதாடி நேரத்தைப் போக்காதீர்கள். அவர் சொல்வது சரியானாலும் பிழையானாலும் ஆபத்தில்லாத காரியம் ஒன்று இருக்கும், அதைச் செய்ய வையுங்கள். ஓட்டம் எடுக்க வரும் டிரைவரிடம் தூங்கினீர்களா என்று கேளுங்கள். விசாரணைபோல அல்ல, சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோல. யாராவது ஒருவர் தன் தூக்கத்தைப் பற்றி உங்களிடம் வாய் திறந்தால், மறுநாளும் அவர் வந்து உங்களிடம் பேசக்கூடியபடி நடந்துகொள்ளுங்கள். பஸ்ஸை நிறுத்துவது அன்றைக்கு எனக்கு முடிந்தது. இந்தக் கடைசிக் காரியம் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் ஒருவர் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பகல் தூக்கத்தில் இன்னும் எனக்கு அது வருகிறது. இப்போது பயமில்லை. சென்ற மாதம் படியில் ஏறி வரும் சத்தம் கேட்டது, கட்டில் ஓரம் அமுங்கியது, நெஞ்சில் பாரம் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். நானா உட்கார்ந்திருந்தார். "எப்பிடி ஐயா, தூக்கமெல்லாம்?" என்று கேட்டார். அவர் என்னோடு பேசுகிறார் என்பதிலிருந்தே அது கனவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்டு விரலை அசைக்காமல் படுத்திருந்தேன்.